மேற்படி பழனிச்சாமி



பழனியைப் பற்றிப் பேசவேண்டும் என்று வானொலி நிலையத்தார் கேட்டுக்கொண்டபோது, மலையையும் படிகளையும் யானைப் பாதையையும், விஞ்சையும் ரோப்காரையும், பஞ்சாமிர்த டப்பாவையும் விபூதிப் பொட்டலத்தையும் பற்றி நான் சொல்லித்தான் நீங்கள் அறியவேண்டும் என்ற நிலை இல்லையாதலால், அவற்றை அவரவர் ஞாபகத்தில் பத்திரமாக இருக்கும்படி விட்டுவிட்டு, ஊருக்குக் கிழக்கே ஆயக்குடியையும் தாண்டி, மலைச்சரிவை நோக்கிப் பிரியும் ஒரு மண்சாலையின் கோடியில் நிற்கிற சின்னஞ்சிறு பள்ளிக்கூடத்துக்கு உங்களை அழைத்துப் போவதென்று தீர்மானித்தேன். நான் முதன்முதலில் காலடி வைத்தபோது அது மதுரை ஜில்லா போர்டுப் பள்ளி. பிற்பாடு ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஆயிற்று. ஜில்லாவும் மாறி, 1985இல் திண்டுக்கல் ஆகிவிட்டது. வேப்பமரம் மட்டும் அப்படியே நிற்கிறது.

புறப்படுவதற்கு உகந்த காலம் ஜூன் மாதத்தின் முதல் வாரம். பாலக்காட்டுக் கணவாயின் வழியாக மேற்கேயிருந்து நுழையும் காற்று, உடுமலைப்பேட்டையைக் கடந்து நம்முடைய சீமைக்கு வந்து சேரும்போது அதற்குத் தணியாத ஒரு வேகம் இருக்கும். திண்டுக்கல் சாலையில் கிழக்கு நோக்கி நடப்பவனுடைய முதுகில் அது கைவைத்துத் தள்ளுவதால், பிரயாணிக்குப் பாதிச் சிரமம் குறைந்துவிடுகிறது. திரும்பி வரும்போது கண்ணில் விழும் மண்ணைப் பற்றி இப்போது யோசிக்க வேண்டாம். ஆயக்குடியில் சாலையோரம் கூடைகூடையாகக் கொய்யா வைத்திருப்பார்கள். ஆயக்குடிக் கொய்யாவின் பெருமையைச் சொல்ல ஆரம்பித்தால் எனக்குக் கொடுத்திருக்கிற கால அளவு அதற்கே போதாது. ஆகையால் திரும்பும்போது வாங்கிக்கொள்வோம், நேயர்கள் தயவுசெய்து எனக்கு ஞாபகப்படுத்த வேண்டும்.

மண்சாலையில் திரும்பியதும் பிள்ளைகளின் இரைச்சல் கேட்கும். கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் நாளில், பிற ஊர்ப் பள்ளிகளில் காணமுடியாத ஒரு காட்சியை எங்கள் பக்கத்துப் பள்ளிகளில் காணலாம். சித்திரையின் கடைசி ஏழு நாளும் வைகாசியின் முதல் ஏழு நாளும், அக்கினி நட்சத்திர வெயிலைப் பொருட்படுத்தாமல், பெண்கள் கூந்தலில் கடம்பம்பூவைச் செருகிக்கொண்டு மலையை வலம் வருகிற வழக்கம் உங்களுக்குத் தெரியும். அதை அடுத்து வைகாசி விசாகம் வந்துவிடும். இவ்வளவு விசேஷங்களுக்கும் பிரார்த்தனை செலுத்திவிட்டு வருகிற குடும்பங்களின் பிள்ளைகள், பள்ளி திறக்கும் காலையில், மொட்டைத் தலையில் சந்தனம் காய்ந்து வெடித்திருக்க, வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். பின்னாலிருந்து பார்க்கும் வாத்தியாருக்கு யார் யாரென்று விளங்காது. மயிர் வளர்ந்து அடையாளம் தெரிய ஆடி பிறக்கவேண்டும்.

தலை தெரியாவிட்டால் பெயர் சொல்லிக் கூப்பிடலாமே என்பீர்கள். அங்கேதான் சங்கடம்! ‘பழனிச்சாமி’ என்று கூப்பிட்டால் ஐந்து மொட்டைகள் ஏககாலத்தில் எழுந்து ‘ஆஜர் சார்’ என்று சொன்ன வகுப்பில் நான் படித்தேன். அந்த ஐவரில் ஒருவன் நான்.

இந்தப் பெயர் விஷயத்தைக் கொஞ்சம் விஸ்தாரமாகச் சொல்ல அனுமதிக்கவேண்டும். பள்ளிக்கூடம் எங்கேயும் ஓடிவிடாது. பிள்ளை இல்லாத தம்பதிகள் வேண்டிக்கொண்டு பெற்ற பிள்ளைக்கு ஆண்டவன் பெயரைத்தான் வைப்பார்கள். பிள்ளை நிறைய உள்ளவர்களோ, பிறந்தது பிழைத்திருக்கவேண்டுமென்று அதே பெயரை வைப்பார்கள். வேண்டுதல் எதுவுமே இல்லாதவர்கள், வாசலில் நின்றால் மலை தெரிகிறபோது வேறு பெயர் எதற்கு என்று அதையே வைத்துவிடுவார்கள். முன்பிறந்தவை தக்காத வீட்டில் மட்டும், எமன் கண்ணுக்கு அற்பமாகத் தோன்றவேண்டி, குப்பையில் புரட்டி எடுத்துக் குப்பன் என்றோ, பிச்சை என்றோ பெயரிடுவது உண்டு. அவர்களை வாத்தியார் சுலபமாகக் கூப்பிட்டார். மற்றையோர் பழனிச்சாமி, தண்டபாணி, வேலுச்சாமி, கந்தசாமி, ஆறுமுகம், முருகேசன். பெண்பிள்ளைகள் பழனியம்மாள், வள்ளியம்மாள், தெய்வானை. ஒரு தெய்வத்தின் சகஸ்ரநாமத்தையே வருகைப் பதிவேட்டில் காலையும் பிற்பகலுமாக இருவேளை பாராயணம் செய்த புண்ணியம் எங்கள் உபாத்தியாயர்களுக்குக் கிடைத்திருக்கும் என்பது என்னுடைய அபிப்பிராயம்.

ஐந்து பழனிச்சாமிகளைப் பிரித்தறிய வாத்தியார் முதலில் கையாண்ட உபாயம் இயற்கையானது: நெட்டைப் பழனிச்சாமி, எண்ணெய்க்கடைப் பழனிச்சாமி, தோட்டத்துப் பழனிச்சாமி. இது பெற்றோர்களுக்கு ரசிக்கவில்லை. ஆகவே தகப்பனார் பெயரின் முதலெழுத்தைச் சேர்த்து, அதுவும் இங்கிலீஷ் எழுத்தைச் சேர்த்து, ஏ. பழனிச்சாமி, எம். பழனிச்சாமி என்று கூப்பிடலானார். என் தகப்பனார் பெயர் கந்தசாமி. நேயர்கள் ஊகித்திருப்பீர்கள்: இன்னொரு பழனிச்சாமியின் தகப்பனார் பெயரும் கந்தசாமிதான். இரண்டு கே. பழனிச்சாமிகளும் ஒரே பலகையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, மூன்றாம் வகுப்புக் கணக்குப் பரீட்சையில் அவன் வாங்கிய மதிப்பெண்ணுக்கு நான் பிரம்படி பட்டதும், என் மதிப்பெண்ணுக்கு அவன் வீட்டில் அதிரசம் தின்றதும், பின்னால் எங்களுடைய அறுபதாண்டு சிநேகத்துக்கு அஸ்திவாரமாயின.

சேர்க்கும் நாளைப் பற்றிச் சொல்லவேண்டும். 1957ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் என் தாயார் என்னை இழுத்துக்கொண்டு போய்த் தலைமையாசிரியர் முன்னிலையில் நிறுத்தினாள். அவர் என்னை ஒன்றும் கேட்கவில்லை. வலது கையைத் தலைக்குமேல் வளைத்து இடது காதைத் தொடச் சொன்னார். தொட்டுவிட்டால் ஐந்து வயது. தொடாவிட்டால் அடுத்த வருஷம். மனித சரீரத்தின் வளர்ச்சியையே அளவுகோலாக வைத்துக்கொண்ட அந்தச் சாஸ்திரத்தில் எனக்கு இன்றைக்கும் மரியாதை உண்டு, ஏனெனில் என் விரல் நுனி காதைத் தொட்டது. தொடும்படியாகத் தலையைச் சற்றுச் சாய்த்தேன் என்பது வேறு விஷயம்.

“பையன் எப்பம்மா பிறந்தான்?” என்று அவர் கேட்டார்.

“எங்க செவலை கன்னு போட்ட வாரமுங்க சார். பெரியவ கல்யாணத்துக்கு மறு பங்குனிங்க. உத்தரத்துக்கு நாலு நாள் இருந்துச்சுங்க.”

பஞ்சாங்கத்தை எடுத்துக் கணக்குப் போட்டிருந்தால் இந்தத் தகவலிலிருந்து என் ஜனன தேதியை அவர் கண்டுபிடித்திருக்க முடியும். பிறப்பு இறப்பு எழுதிவைக்கும் பொறுப்பு அக்காலத்தில் கிராம முன்சீப்பிடம் இருந்ததாதலால் அவரிடமும் விசாரித்திருக்கலாம். ஆனால் வாசலில் இன்னும் பதினைந்து தாய்மார்கள் நின்றார்கள்; அவர்களிடத்திலும் செவலைகளும் கல்யாணங்களும் இருந்தன. தலைமையாசிரியர் பேனாவை மையில் தோய்த்து, பள்ளி திறக்கும் மாதத்தில் சரியாக ஐந்து வயது நிறைவுபெறும்படி, 1-6-1952 என்று எழுதினார். நான் மட்டுமல்ல, எங்கள் வகுப்பில் பாதிக்கு மேற்பட்டோர் அன்றைக்குத்தான் பிறந்தோம். இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் என் பிராயத்து நேயர்களில் எத்தனை பேர் ஜூன் மாதத்துக் குழந்தைகள் என்று எண்ணிப் பார்த்தால், அந்த ஒரு மாதத்தில் தமிழ்நாட்டு மருத்துவச்சிகள் உறங்கவே இல்லையென்று தோன்றும்.

அவர் 2-6-1952 என்று எழுதியிருக்கலாம். ஒன்றாம் தேதி பிறந்த அரசாங்க ஊழியன் அதற்கு முந்திய மாதத்தின் கடைசி நாளிலேயே ஓய்வுபெற வேண்டும் என்பது விதி. ஆகவே ஐம்பத்தெட்டு வயதில், 2010 மே மாதம் 31ஆம் தேதி மாலையில், நான் மாலை போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். இரண்டாம் தேதி பிறந்திருந்தால் இன்னும் ஒரு மாதச் சம்பளம். ஐம்பத்துமூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு பேனாமுனை செய்த நஷ்டம் அது. மற்றக் கே. பழனிச்சாமி விவசாயத்தில் நின்றுவிட்டதால், அவனுக்கு இந்த நஷ்டம் தெரியாமலே போயிற்று.

பள்ளி விஷயத்துக்கு வருவோம். அந்தக் காலத்தில் பள்ளி திறக்கும்போது பேசப்பட்ட செய்திகளில் முதன்மையானது மதிய உணவு. காமராஜர் முதலமைச்சராகவும் நெ. து. சுந்தரவடிவேலு கல்வித் துறையின் தலைவராகவும் இருந்து ஊர் ஊராகச் சொல்லி வந்த திட்டம். செலவில் ஒரு பகுதியை அரசாங்கமும் மற்றதை ஊராரும் ஏற்பது ஏற்பாடு. எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு பிடி அரிசி. 1958இல் கடம்பத்தூரில் தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளைப் பற்றிய பேச்சு எங்கள் பக்கமும் பரவியபோது, ஒருவர் கரும்பலகை கொடுத்தார், ஒருவர் நாற்காலி கொடுத்தார். கொடுப்பதற்கு ஒன்றும் இல்லாத ஒருவர், எங்கிருந்தென்று யாரும் கேட்காத ஒரு தண்டவாளத் துண்டைத் தலையில் சுமந்துவந்து வேப்பமரத்தில் கட்டிவிட்டுப் போனார். மணி அதுதான். 1961க்குப் பிறகு, கேர் என்னும் அமெரிக்க ஸ்தாபனத்தின் உதவியால், மஞ்சள் நிற மக்காச்சோள மாவும் பால்பவுடரும் வந்தன. அந்த மாவில் கிண்டிய உப்புமாவின் வாசனையை என்னால் வார்த்தையில் சொல்ல இயலவில்லை. தின்றவர்கள் சிரிப்பார்கள், மற்றவர்கள் மன்னிக்கவேண்டும். 1982இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரிவாக்கியபோது நான் ஆபீஸ் குமாஸ்தா.

2025 ஜூன் 2, திங்கட்கிழமை, பள்ளி திறக்கும் தினத்தில், காற்று முதுகில் தள்ள, அங்கே போயிருந்தேன். காலைச் சிற்றுண்டி பரிமாறிக்கொண்டிருந்தார்கள். 2023 ஆகஸ்ட் முதல் அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றிலும் நடந்துவருகிற ஏற்பாடு. அன்று உப்புமாவும் சாம்பாரும். ரவையில் செய்தது, மஞ்சள் இல்லை. மொட்டைத் தலைகள் நான்கு இருந்தன. புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் ஒருவரும் காதைத் தொடவில்லை. எல்லோர் கையிலும் பிறப்புச் சான்றிதழ். 2023 அக்டோபர் முதல் தேதியிலிருந்து பிறந்தவர்களுக்கு அந்தக் காகிதம் ஒன்றே வயதுக்கு ஆதாரம் என்று சட்டமே ஆகிவிட்டபடியால், பிறந்தநாளைத் தானமாகக் கொடுக்கும் அதிகாரம் இனி எந்தத் தலைமையாசிரியருக்கும் இல்லை.

தலைமையாசிரியை அம்மையார் வருகைப் பதிவை வாசித்தார். தர்ஷன், கவின், யாழினி, மித்ரன். ஒரு பழனிச்சாமியும் எழுந்திருக்கவில்லையே என்று எனக்குள் சற்று வருத்தம் உண்டாயிற்று. அப்புறம் கவனித்துக் கேட்டேன். முன்னெழுத்தையும் தமிழிலேயே எழுதவேண்டும் என்று 2021இல் அரசு உத்தரவிட்ட பிறகு கே, எம் எல்லாம் போய்விட்டன அல்லவா? ப. தர்ஷன், ப. கவின், மு. யாழினி, ப. மித்ரன் என்று வந்தது. பழனிச்சாமிகள் எங்கேயும் போய்விடவில்லை. பெயருக்கு முன்னால் ஒரு புள்ளி வைத்துக்கொண்டு நிற்கிறார்கள்.

நான் பழைய மாணவன் என்று அறிந்ததும், அம்மையார் அலமாரியிலிருந்து 1957ஆம் வருஷத்துச் சேர்க்கைப் பதிவேட்டைத் தேடி எடுத்து, தூசி தட்டிக் கொடுத்தார். ஜூன் மாதத்துப் பக்கத்தில் என் பெயரைத் தேடினேன். முதல் வரியில் பழனிச்சாமி, தகப்பனார் பெயர் ஆறுமுகம், பிறந்த தேதி 1-6-1952. இரண்டாம் வரியிலிருந்து என் பெயர் இல்லை. எவர் பெயரும் இல்லை. பெயர் இருக்கவேண்டிய இடத்தில், வாலைச் சுழித்துக்கொண்டு, ௸ என்ற குறி. ‘மேற்படி’ என்பதற்குப் பத்திரம் எழுதுகிறவர்கள் போடுவார்களே, அந்தக் குறி. பெயரும் மேற்படி, தேதியும் மேற்படி. நான்காம் வரியில் தகப்பனார் கந்தசாமி. ஐந்தாம் வரியில் தகப்பனாரும் மேற்படி.

“இதில் நீங்க யாருங்க ஐயா?” என்று அம்மையார் கேட்டார்.

மற்றக் கே. பழனிச்சாமி இருந்தால் இருவருமாக வாதாடியேனும் ஒரு முடிவுக்கு வந்திருப்போம். அவன் தைப்பூசத்துக்கு முந்திய வாரம் காலமாகிவிட்டான். பதிவேட்டின் கடைசிக் கட்டத்தில் அங்க அடையாளம் எழுதியிருந்தது. நான்காம் வரியில், வலது முழங்காலில் ஒரு தழும்பு. ஐந்தாம் வரியில் ௸. கிராமத்துப் பையனுக்கு முழங்காலில் தழும்பு இல்லாமல் போகுமா? ஆனாலும் நான் வேட்டியைச் சற்று உயர்த்திப் பார்த்துக்கொண்டேன். உப்புமாத் தட்டோடு நின்ற இரண்டு மொட்டைகளும் குனிந்து பார்த்தன.