ஒரே ஆண்டில் உலகம்: 1578
(மௌலா அலி கற்றல் மையத்தில் ஆற்றிய உரை)



பலகையில் ஓர் எண் எழுதியிருக்கிறேன். எல்லோரும் சேர்ந்து படியுங்கள். ஆயிரத்து ஐந்நூற்று எழுபத்தெட்டு. சரியாகப் படித்தீர்கள். இது ஓர் ஆண்டு. இன்றைக்கு இந்த ஓர் ஆண்டின் கதையைச் சொல்லப் போகிறேன்.

வாசலுக்கு வெளியே பாருங்கள். என்ன தெரிகிறது? நம் மௌலா அலி மலை தெரிகிறது. உச்சியில் தர்கா இருக்கிறது. இந்த ஊருக்குப் பெயர் வந்த கதை 1578-இல்தான் தொடங்குகிறது.

அப்போது கோல்கொண்டாவை இப்ராஹிம் குலி குதுப் ஷா ஆண்டு வந்தார். அவர் அரண்மனையில் யாகூத் என்று ஓர் அலுவலர் இருந்தார். அவர் உடல்நலம் இல்லாமல் படுத்திருந்தபோது ஒரு கனவு கண்டாராம். பச்சை உடை அணிந்த ஒருவர் வந்து, "மௌலா அலி உன்னை அழைக்கிறார்" என்று சொல்லி மலைக்கு அழைத்துப் போனாராம். அங்கே நபிகளின் மருமகனான அலி, பாறையில் கை வைத்து அமர்ந்திருந்தாராம். விடிந்ததும் யாகூத் மலைக்குப் போனார். பாறையில் கை பதிந்த அடையாளத்தைப் பார்த்தார் என்று சொல்கிறார்கள். அது ஹிஜ்ரி 986, ரஜப் மாதம் 17-ஆம் நாள். நம் கணக்கில் 1578 செப்டம்பர். இன்றும் ரஜப் மாதத்தில் மலையில் கூட்டம் கூடுகிறது.

அதே ஆண்டில் அந்த அரசர் மூசி ஆற்றின் மேல் ஒரு கல் பாலம் கட்டி முடித்தார். அதுதான் புரானா புல். 22 வளைவுகள் கொண்டது. இன்றும் நிற்கிறது. சார்மினார் அப்போது இல்லை. அது 1591-இல்தான் வந்தது. அதாவது, சார்மினாரை விட இந்தப் பாலம் 13 ஆண்டு மூத்தது.

வடக்கே யார் ஆண்டார்? அக்பர் ஆண்டார். அவ்வளவு பெரிய பேரரசருக்கும் எழுதப் படிக்கத் தெரியாது என்றே பெரும்பாலான வரலாற்று ஆசிரியர்கள் சொல்கிறார்கள். பிறரைப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்வார். அவருக்குப் படித்துக் காட்ட ஆட்கள் இருந்தார்கள். நமக்கு யார் இருக்கிறார்கள்? நாம்தான் படித்துக்கொள்ள வேண்டும்.

சீனாவில் லி ஷிசென் என்ற வைத்தியர் இருந்தார். மூலிகைகளைப் பற்றி ஏறக்குறைய 27 ஆண்டுகள் பாடுபட்டு ஒரு பெரிய நூல் எழுதினார். அதை 1578-இல் முடித்தார். 1593-இல் இறந்துபோனார். நூல் அச்சாகி வந்தது 1596-இல்தான். அவர் கண்ணால் பார்க்கவில்லை. ஆனால் உலகம் இன்றும் அதைப் படிக்கிறது.

தலாய் லாமா என்ற பெயரைக் கேட்டிருப்பீர்கள். திபெத்துத் துறவி ஒருவருக்கு மங்கோலிய அரசர் அல்தான் கான் அந்தப் பட்டத்தைக் கொடுத்ததும் 1578-இல்தான்.

அதே ஆண்டு ஆகஸ்டு 4-ஆம் நாள் ஆப்பிரிக்காவில், மொராக்கோ நாட்டில் பெரிய போர் நடந்தது. போர்ச்சுகல் அரசர் செபாஸ்தியான் அதில் மாண்டார். வயது 24. அவருக்குப் பிள்ளை இல்லை. இரண்டே ஆண்டில் போர்ச்சுகல் நாடு ஸ்பெயின் அரசர் கைக்குப் போய்விட்டது.

இப்போது நம் மொழிக்கு வருவோம். அப்போது கோவா, கொல்லம் போன்ற கடற்கரை ஊர்களில் போர்ச்சுகீசியர் இருந்தார்கள். போர்ச்சுகல் நாட்டிலிருந்து ஹென்றிக் ஹென்றிக்கஸ் என்ற பாதிரியார் 1546-இல் இந்தியா வந்தார். முத்துக்குளிக்கும் கடற்கரையில் தங்கினார். அவருக்குத் தமிழில் ஓர் எழுத்துக்கூடத் தெரியாது. வளர்ந்த ஆளாக, நம்மைப் போலவே, அ, ஆ, இ, ஈ என்று தொடங்கிக் கற்றார்.

1578 அக்டோபர் 20-ஆம் நாள் கொல்லத்தில் அவருடைய சிறு நூல் அச்சாகி வந்தது. பெயர் 'தம்பிரான் வணக்கம்'. 16 பக்கம். கிறித்தவ சமயப் போதனை நூல். இந்தியாவில் இந்திய எழுத்தில் அச்சான முதல் நூல் இதுதான். அந்த எழுத்து எது? நீங்கள் இப்போது எழுதிப் பழகுகிறீர்களே, அதே தமிழ் எழுத்து!

அதற்கு முன் பனை ஓலையில் எழுத்தாணியால் கீறினார்கள். ஒரு நூலுக்கு இன்னொரு படி வேண்டுமென்றால் முழுவதையும் மீண்டும் எழுத வேண்டும். அச்சில் அப்படி இல்லை. எழுத்துகளை ஒருமுறை கோத்தால் போதும். மை தடவித் தாளை அழுத்தி, படி படியாக எடுக்கலாம். அதனால்தான் படிப்பு மெல்ல மெல்லச் சாதாரண மக்கள் வீடு வரை வந்தது.

ஒன்று கவனியுங்கள். கொல்லத்தில் அச்சடித்தவர்களின் அரசர் இறந்து இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. அவர்களுக்கு அது தெரிந்திருக்க வழியில்லை. கப்பலில் செய்தி வர ஏறக்குறைய ஆறு மாதம் ஆகும். இன்றைக்குச் செய்தி நொடியில் வருகிறது. ஆனால் படிக்கத் தெரியாவிட்டால், கையில் இருக்கும் தாளில் உள்ள செய்திகூட நமக்கு வந்து சேராது.

என் பாட்டிக்கு அப்படித்தான் நடந்தது. வட்டிக்கு 500 ரூபாய் வாங்கினார். நீட்டிய தாளில் கைநாட்டு வைத்தார். தாளில் 1500 என்று இருந்தது. முன்னால் நின்ற அந்த ஒன்று அவருக்குத் தெரியவில்லை. அந்த ஒரு கோட்டுக்காக இரண்டு மூக்குத்திகளையும் விற்றார். அதை நினைத்துத்தான் நான் மாலையில் இங்கே வருகிறேன்.

நீங்கள் இன்று 1578 என்ற எண்ணைத் தடுமாறாமல் படித்தீர்கள். இனி யாரும் உங்கள் தாளில் ஓர் ஒன்றைக் கூட்டி எழுதி ஏமாற்ற முடியாது.

வீட்டுக்குப் போய் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் பிள்ளைகள் பிறந்த ஆண்டு, நீங்கள் மௌலா அலிக்கு வந்த ஆண்டு, இரண்டையும் நோட்டில் எழுதுங்கள். பக்கத்தில் என்ன நடந்தது என்று ஒரு வரி எழுதுங்கள். எழுத்துப் பிழை இருந்தால் பரவாயில்லை. அரசர்களின் ஆண்டுகளை யாரோ எழுதி வைத்தார்கள். நம் ஆண்டுகளை நாமே எழுதுவோம்.

நாளை மாலை நோட்டுடன் வாருங்கள். வணக்கம்.