அயலூர் வந்தார்க்குச் சட்டத் துணை
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவது நம் சங்கத்தின் மரபு. இவ்வாண்டு செயற்குழுவினர் பணித்த பொருளோ வேறு. ஊர் விட்டு ஊர் வந்து, மொழி தெரியாமல், தொல்லை நேர்ந்தவிடத்து வழியறியாது நிற்போர்க்குப் பணம் பெறாமல் சட்டத் துணை புரிவது எங்ஙனம் என்பதே அப்பொருள். நாம் சட்டம் பயின்றவர் அல்லேம். பள்ளியிறுதி வகுப்பு முடித்து, ரயில்வே அலுவலகத்தில் கோப்பு எழுதிக் காலங் கழிப்பவர். ஆயினும் இப்பணியில் எழுத்தர்க்கும் ஓர் இடம் உண்டு. அவ்விடம் யாதெனக் காட்டவே இன்று முற்பட்டோம்.

முதலில் ஒரு பழைய வழக்கைக் கூறுவோம். 1860-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 16-ஆம் நாள், சென்னையிலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ என்னும் கப்பல் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் கரையை அடைந்தது. ஒப்பந்தக் கூலிகளாக அந்நாட்டில் அடி வைத்த முதற் கூட்டத்தார் அக்கப்பலில் வந்தவரே. அவர்க்குப் பின் பல்லாயிரவர் சென்றனர். அவருள் தமிழர் மிகப் பலர். அவர்தம் நிலை யாது? சாதாரண வேலையாள் ஒருவர் அறிவிப்பின்றி வேலையை விட்டு நீங்கினால், முதலாளி அவர்மீது உரிமையியல் வழக்குத்தான் தொடரலாம். ஒப்பந்தக் கூலி நீங்கினாலோ அது குற்றம், அதற்குச் சிறை! அடி பொறுக்காமல் ஓடினாலும் சிறை என்பதே அதன் பொருள்.

1894-ஆம் ஆண்டில், டர்பன் நகரில் காந்தியடிகள் வழக்கறிஞர் தொழில் தொடங்கிச் சில திங்களே ஆகியிருந்தன. ஒருநாள் பாலசுந்தரம் என்னும் தமிழர் அவர் அலுவலகத்துக்கு வந்தார். கந்தல் உடை, முன்பற்கள் இரண்டு உடைந்து வாயில் குருதி, தலைப்பாகை கையில். முதலாளி சினத்தால் அடித்த அடியின் கோலம் அது. வெள்ளையர் முன்னிலையில் தலைப்பாகையைக் கழற்றிவிடல் வேண்டும் என்பது அக்கூலிகள் மேல் சுமத்தப்பட்டிருந்த வழக்கம். அதனையே காந்தியடிகள் முன்னும் அவர் செய்தார். காந்தியடிகள் அதனை மீண்டும் அணிந்துகொள்ளச் சொன்னார்.

இனி நாம் சிறப்பாகக் கருதும் செய்தி வருகின்றது. பாலசுந்தரத்தின் துயரைக் காந்தியடிகள் யார் வாயிலாக அறிந்தார்? தம் அலுவலகத்து எழுத்தர் வாயிலாக அறிந்தார். அவ்வெழுத்தர் ஒரு தமிழர். இதனைத் தம் ‘சத்திய சோதனை’யில் காந்தியடிகளே எழுதியுள்ளார். எழுத்தரின் பெயரை அவ்விடத்தில் அவர் குறிக்கவில்லை. ஆயினும் அம்மனிதர் அங்கு இல்லையாயின், பாலசுந்தரத்தின் அழுகை அழுகையாகவே நின்றிருக்கும்; வழக்காக மாறியிராது.

பின் நடந்தவற்றைக் கேளுங்கள். காந்தியடிகள் அவரை மருத்துவரிடம் அனுப்பிக் காயத்துக்குச் சான்றிதழ் பெற்றார். உடனே நீதிபதியிடம் அழைத்துச் சென்று, எழுதிய வாக்குமூலத்தை அளித்தார். நீதிபதி முதலாளிக்கு அழைப்பாணை விடுத்தார். முதலாளியைத் தண்டிக்க வேண்டுமென்பது காந்தியடிகளின் நோக்கமன்று. அவரிடமிருந்து பாலசுந்தரத்தை விடுவிப்பதே நோக்கம். ஒப்பந்தக் கூலிகள் பற்றிய சட்டத்தைப் படித்துப் பார்த்தார். ஒப்பந்தத்தை வேறொரு முதலாளிக்கு மாற்ற இடமிருப்பதைக் கண்டார். முதலாளியைக் கண்டு இசைவு பெற்றார். கூலிகளின் பாதுகாப்பு அதிகாரியைக் கண்டு இசைவு பெற்றார். புதிய முதலாளி ஒருவரையும் தாமே தேடிக் கொணர்ந்தார். காரியம் முடிந்தது. அதன்பின் ஒப்பந்தக் கூலிகள் அணியணியாய் அவர் அலுவலகம் நாடி வரத் தொடங்கினர்.

அன்பர்களே! இவ்வழக்கில் நாவன்மைக்கு வேலை எங்கே இருந்தது? பொறுமையாகக் கேட்டல், சான்று பெறுதல், முறைப்படி எழுதுதல், உடன் செல்லுதல் ஆகிய இந்நான்குமே அந்த ஏழையை விடுவித்தன. இந்நான்கும் நம்மால் இயலாதவை அல்ல.

நிற்க. நாம் வாழும் இம்மும்பை நகருக்கு வருவோம். 1961-ஆம் ஆண்டில் சேலத்திலிருந்து நிலமற்ற தொழிலாளி ஒருவர் இங்கு வந்தார். வறட்சி அவரைத் துரத்தியது. தகிசரில் ஒரு தொழிற்சாலையில் நாட்கூலி ரூ. 23. நடைபாதையில் கித்தான் போர்த்த குடிசை. அதற்கும் குடிசைத் தலைவன் ஒருவன் ரூ. 2,500 பறித்துக்கொண்டான். மனைவி, மூன்று பெண் மக்கள். 1981 ஜூலை 13-ஆம் நாள், நடைபாதைவாசிகள் அனைவரும் அகற்றப்பட்டுச் சொந்த ஊர்களுக்கு அனுப்பப்படுவர் என்று மாநில முதலமைச்சர் அறிவித்தார். பத்தாம் நாள் அக்குடிசை இடிக்கப்பட்டது. குடும்பத்தைச் சேலத்துக்குப் பேருந்தில் ஏற்றினர். மனைவி மக்கள் ஊரில் தங்கிவிட, அவர் மட்டும் வேலை தேடி மீண்டும் இந்நகருக்கே வந்தார். ஊரில் சோறு இருந்தால் நடைபாதையை நாடி ஏன் வருகின்றார்?

இச்செய்திகள் யாவும் உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே உள்ளன. அவரும் மனுதாரருள் ஒருவர். ஓல்கா டெல்லிஸ் என்னும் பத்திரிகையாளரும் பொதுநலம் கருதி மனுச் செய்தார். 1985 ஜூலை 10-ஆம் நாள் வந்த தீர்ப்பு, வாழும் உரிமையில் பிழைப்புக்கான உரிமையும் அடங்கும் என்று அறுதியிட்டது. முழு வெற்றி என்று சொல்வதற்கில்லை. நடைபாதையில் குடியிருக்க உரிமை உண்டெனத் தீர்ப்பு கூறவில்லை. மழைக்காலம் கழியும் வரை, அக்டோபர் 31 முடிய, அகற்றலாகாது என்றது. 1976-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் பதிவானவர்க்கு மாற்றிடம் தருக என்றது. இங்குதான் ஓர் எழுத்தரின் கண் நிற்கின்றது. கணக்கெடுப்பில் பெயர் உடையார்க்கு ஓரிடம், இல்லாதார்க்கு ஒன்றுமில்லை. ஒரு தாளில் ஒரு பெயர்! ஏழையின் வாழ்வு அதிலே தொங்குகின்றது.

ஊர் விட்டு வந்தவர் கதை இது. நாடு விட்டு வந்தவர் கதை இதனினும் கடிது. அக்காலக் கிழக்குப் பாகிஸ்தானில் காப்டாய் அணை எழுந்தபோது சக்மா மக்கள் பலர் நிலமிழந்தனர். 1964 முதல் அவருள் ஒரு பகுதியார் இந்தியாவுக்கு வந்து, இன்றைய அருணாசலப் பிரதேசத்தில் குடியமர்த்தப்பட்டனர். முப்பதாண்டு கழிந்தும் குடியுரிமை கைகூடவில்லை. அவர் அளித்த விண்ணப்பங்களை மாவட்ட அலுவலகங்கள் மைய அரசுக்கு அனுப்பாமலே வைத்திருந்தன என்பது அவர் முறையீடு. வெளியேறுமாறு அச்சுறுத்தலும் எழுந்தது. தேசிய மனித உரிமை ஆணையம் அவர்பொருட்டு உச்ச நீதிமன்றம் சென்றது. 1996 ஜனவரி 9-ஆம் நாள் தீர்ப்பு வந்தது. குடிமகனாயினும் அல்லராயினும், இந்நாட்டில் உள்ள ஒவ்வொரு மனிதரின் உயிரையும் காப்பது அரசின் கடமை என்றது நீதிமன்றம். அத்துடன், விண்ணப்பங்களைப் பதிவேட்டில் பதிந்து மைய அரசுக்கு அனுப்புக என்றும் ஆணையிட்டது. மேசையிலிருந்து மேசைக்கு ஒரு தாள் நகர நாட்டின் தலைமை நீதிமன்றம் ஆணையிட வேண்டியதாயிற்று!

ஈழத்திலிருந்து அடைக்கலம் நாடி வந்த நம் உடன்பிறப்புக்கள் இதனைத் தாமே உணர்ந்து செயற்பட்டனர். 1984-இல் தோன்றிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் தமிழக முகாம்களில் ஆற்றிய பணிகளுள் ஒன்று, அங்குப் பிறந்த குழந்தைகளுக்குப் பிறப்புச் சான்றிதழ் பெற்றுத் தருவது. சான்றிதழ் இல்லாத குழந்தைக்கு எந்த நாடும் தன் நாடன்று. அதனை முதலில் கண்டுகொண்டோர் ஏதிலியரே. பணியாற்றியோரும் பெரும்பாலும் அவரே.

சட்டம் ஏழைக்குக் கதவடைத்துவிட்டதா? இல்லை. வழக்கறிஞரை அமர்த்தப் பொருளில்லை என்பதால் எவர்க்கும் நீதி மறுக்கப்படலாகாது என்னும் 39-ஏ பிரிவு 1976-இல் அரசியல் சட்டத்தில் சேர்ந்தது. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 1995 நவம்பர் 9 முதல் நடைமுறையில் உள்ளது. பெண்கள், குழந்தைகள், தாழ்த்தப்பட்ட மக்கள், பழங்குடியினர், ஆலைத் தொழிலாளர், காவலில் உள்ளோர், குறைந்த வருவாயினர் ஆகியோர்க்கு வழக்கறிஞர் இலவசம். அச்சட்டம் ‘குடிமகன்’ என்று கூறவில்லை. ‘ஒவ்வொரு நபரும்’ என்றே கூறுகின்றது. 15100 என்னும் தொலைபேசி எண்ணில் வழி கேட்கலாம். வேறூர் மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதம் என்று பள்ளி குழந்தையைத் திருப்பி அனுப்பலாகாது என்கிறது 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம். குற்றம் எங்கு நிகழ்ந்திருப்பினும் எக்காவல் நிலையத்திலும் முறையிடலாம் என்பது 2024 ஜூலை முதல் எழுத்திலேயே சட்டம். அதன் படியும் இலவசம்.

நம் துறையை ஒட்டியதையும் கூற வேண்டும். ரயிலிலிருந்து தவறி வீழ்ந்து மாண்டவர் குடும்பத்துக்கு 2017 முதல் இழப்பீடு ரூ. 8 லட்சம். ரயில்வே இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் ஓராண்டுக்குள் மனுச் செய்தல் வேண்டும். பிணத்தினிடம் பயணச்சீட்டு இல்லை என்பது ஒன்றே மறுக்கப் போதிய காரணமன்று என 2018-இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. இதனை அறியாத கைம்பெண் தொலைதூர ஊரில் அழுதுகொண்டிருக்கத் தரகர் பங்கு பேச முந்துகின்றார். இதில் நாம் தலையிடுவது உண்ட வீட்டுக்கு இரண்டகம் என்று சிலர் எண்ணலாம். சட்டமே கொடு என்று சொன்ன தொகை உரியவர் கைக்குச் செல்வது துறைக்கும் புகழே.

சட்டம் இத்தனை இருந்தும் துன்பம் ஏன் நீங்கவில்லை? சட்டத்துக்கும் ஏழைக்கும் இடையே ஒரு மேசை இருக்கின்றது. அம்மேசையில் பேசும் மொழி அவர் மொழியன்று. எழுதும் எழுத்து அவர் எழுத்தன்று. அங்கு நிற்க ஓர் ஆள் வேண்டும். டர்பனில் நின்ற அந்தத் தமிழ் எழுத்தரின் இடம் இன்றும் காலியாகவே உள்ளது.

செயற்குழுவில் எழுந்த மறுப்பு ஒன்றை மறைக்காமல் கூறுவோம். “நம்மவர்க்கு உதவலாம், மற்றவர்க்கு ஏன்?” என்று சிலர் கேட்டனர். நியாயமான அச்சமே. நாமும் இங்கு வந்தவரே. வம்பு நம்மைத் தேடி வரக்கூடாதன்றோ? ஆயினும், 1966-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தென்னிந்தியர் அயலார் என இந்நகரில் சுட்டப்பட்டதை நம் பெரியோர் மறந்திரார். அன்று நாம் நின்ற இடத்தில் இன்று பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வங்கத்திலிருந்தும் வந்தவர் நிற்கின்றனர். பேசும் மொழியைக் கேட்டே ஒருவரை அயல்நாட்டார் என ஐயுறுவதும் நிகழ்கின்றது. அயல்நாட்டார் அல்லர் என மெய்ப்பிக்கும் சுமையும் சட்டப்படி அவர் தலைமேலேயே. பாலசுந்தரத்துக்கு உதவியவர் குஜராத்தி. அவர் “தமிழரிடம் போ” என்று சொல்லியிருந்தால்? இவ்வொரு கேள்வியே அம்மறுப்புக்கு விடையாகும்.

எனவே நம் வேண்டுகோள் இது. சங்கத்தின் படிப்பகத்தில் ஞாயிறுதோறும் காலை இரண்டு மணி நேரம் ஒரு மேசை போடுவோம். மராத்தியும் இந்தியும் எழுதத் தெரிந்த நம் பிள்ளைகள் மனு எழுதட்டும். ஓய்வு பெற்ற பெரியோர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையத்தில் சட்டத் தன்னார்வலராகப் பெயர் பதியட்டும். அதற்கு 2009 முதல் திட்டம் உண்டு. பணியில் உள்ளோர் துறையின் விதிகளுக்கு உட்பட்டு மொழிபெயர்க்கட்டும், உடன் செல்லட்டும்.

நெறிகள் சில வேண்டும். ஒரு தேநீரும் கைம்மாறாகப் பெறலாகாது. மூலச் சான்றுகளை வாங்கி வைத்துக்கொள்ளலாகாது. படி எடுத்து உடனே திருப்பித் தரல் வேண்டும். அவர் கூறியதை எழுதுக, கூறாததைச் சேர்க்கற்க. கைந்நாட்டு வாங்குமுன் அவர் மொழியில் படித்துக் காட்டுக. மனு கொடுத்தால் பெற்றமைக்கு முத்திரை பெறாமல் திரும்பற்க. வெற்றி உறுதி என்று எவர்க்கும் வாக்களியற்க. வழக்காடுவது வழக்கறிஞர் பணி. அவரிடம் சேர்ப்பதோடு நம் பணி நிற்கும்.

இம்மேசைக்கு வேண்டுவன ஒரு பதிவேடு, இரண்டு பேனா, பொறுமையுள்ள நால்வர். முதல் மூன்று திங்களுக்குப் பெயர் கொடுப்போர், விழா முடிந்ததும் செயலாளரிடம் கொடுக்க வேண்டுகிறோம். தாய்மார்களும் பெயர் கொடுக்க வேண்டும். வீட்டு வேலைக்கு வரும் பெண்கள் ஆடவரிடம் சொல்லாத குறைகளை உங்களிடமே சொல்வர்.