அம்மா பார்க்கும் தோட்டம்

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



டொக்டரைப் பேச அழைத்தால் நீரிழிவைப் பற்றித்தான் பேசுவார் என்று பயந்து வந்திருப்பீர்கள். இன்று வீட்டுத் தோட்டத்தைப் பற்றிப் பேசப் போகிறேன். ஆனால் கதை நுளம்பில்தான் தொடங்குகிறது.

2017ஆம் ஆண்டை மறந்திருக்க மாட்டீர்கள். அவ்வருடம் நாட்டில் 186,000க்கு மேற்பட்டோருக்கு டெங்கு என்று பதிவாகியது. தண்ணீர் தேங்க விடாதீர்கள் என்று நான் நாள் முழுவதும் நோயாளர்களிடம் சொல்லிக்கொண்டிருந்த காலம். ஒரு சனிக்கிழமை மாத்தளையில் அம்மாவின் வீட்டுக்குப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தார். அழகுக்காக நான் வாங்கிக் கொடுத்த புரோமீலியாட் செடிகளின் இலைக்குழிகளுக்குள் டோர்ச் அடித்துக் காட்டினார். குடம்பிகள் நெளிந்தன. "இது டொக்டர் வீடுதானே?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்றுதான் அந்த வளவை ஒழுங்காகப் பார்த்தேன். 63 பூச்சட்டிகள், முன்னால் புற்றரை, பாசி பிடித்த சீமெந்துப் பாதை. அம்மாவுக்கு 78 வயது, இரண்டு முழங்கால்களிலும் வலி. பிள்ளைகள் மூவரில் இருவர் வெளிநாட்டில். தண்ணீர் ஊற்றவே காலையில் ஒன்றரை மணித்தியாலம். பாசியில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்து வருபவர்களை நாங்கள் வார்ட்டில் கண்டுகொண்டே இருக்கிறோம். ஆனால் தோட்டத்தை விடச் சொன்னால் அம்மா பாதி உயிரை விட்டுவிடுவார்.

வழி தேட வெகுதூரம் போகவில்லை. நமது மாவட்டமே இந்த விடயத்தில் பெரிய பள்ளிக்கூடம். சிகிரியாவின் அடிவாரத்தில் அளந்து வெட்டிய நீர்த் தோட்டம் ஒரு பக்கம். சற்று மேலே, பாறைகளை அசைக்காமல் அவற்றுக்கிடையே பாதையை வளைத்துக்கொண்டு போன பாறைத் தோட்டம். 1,500 ஆண்டுகள் கழிந்தும் மழைக்காலத்தில் அங்கே நீரூற்றுகள் பீறிடுகின்றன. தம்புள்ளைக்கு அருகே ஜெப்ரி பாவா வடிவமைத்து 1994இல் முடிந்த கந்தளம ஹோட்டலைப் பாருங்கள். கொடியும் செடியும் சுவரை மூடுவதற்கு அவரே இடம் விட்டார். அவரது சொந்தத் தோட்டமான லுணுகங்கை வேறு கதை. அது ஓர் ஆயுள் முழுவதும் செதுக்கிய ஓவியம். தோட்டக்காரர் இல்லாமல் ஒரு மாதம்கூடத் தாங்காது. நமக்குச் சரிவராது.

அலுவிகாரையில் வாழ்ந்த ஈனா டி சில்வாவை அக்காமார் அறிவீர்கள். பத்திக் கலையை உயர்த்திய அவருக்காக 1960களின் தொடக்கத்தில் பாவா கொழும்பில் கட்டிய வீடு, நடுமுற்றத்தைச் சுற்றியே அமைந்தது. பின்னாளில் அதைக் கழற்றி எடுத்துப்போய் லுணுகங்கையில் மீண்டும் கட்டினார்கள். அவரது பத்திக் துணிகளில் நான் கவனித்தது, பெரிய உருவங்களும் துணிந்து பூசிய நிறங்களும். 63 சட்டிகளில் 63 நிறம் வைத்தால் கண் எங்கே நிற்கும்?

வேலை குறைந்த தோட்டத்துக்கு உண்மையான குரு நமது கிராமத்து வளவுதான். மேலே தென்னை, பலா, கமுகு. நடுவே கராம்பு, சாதிக்காய், மரத்தில் ஏறிய மிளகு. கீழே இஞ்சி, மஞ்சள். விழுந்த இலையே பசளை, அதுவே மண்ணின் ஈரத்தையும் காக்கும். கூட்டி எரிப்பதுதான் நமது பிழை.

அம்மா தினமும் தேநீர் குடிக்கும் ஜன்னலைச் சட்டமாக வைத்துக்கொண்டேன். அங்கிருந்து என்ன தெரிய வேண்டும் என்று முதலில் பென்சிலால் வரைந்தேன். சித்திர ஆசிரியை என் படங்களில் வெற்றிடம் போதாது என்று திரும்பத் திரும்பச் சொன்னது முப்பது வருடங்களுக்குப் பிறகு விளங்கியது. புல்லை எடுத்துவிட்டு மஞ்சள் பூப் பூக்கும் படர்நிலக்கடலையை நட்டோம். அதை வாரந்தோறும் வெட்டத் தேவையில்லை; மண்ணுக்கும் நைதரசன் தரும். மிளகின் கரும்பச்சைக்கு முன்னால் சிவப்புக் குரோட்டன், ஓரத்தில் செவ்வரத்தை. தண்ணீர் அதிகம் கேட்கும் ரம்பையும் இஞ்சியும் கிணற்றடியில் ஒன்றாக. பாதையை 4 அடி அகலத்தில் சொரசொரப்பான கல்லால் போட்டு, ஒரு பக்கம் கைப்பிடியும் வைத்தோம். கண் போய்த் தங்க ஒரு பெரிய பழைய மண்சாடி. அதைக் கவிழ்த்தே வைத்திருக்கிறோம். ஏன் என்று சொல்லத் தேவையில்லை.

முதல் வருடம் சுலபமாக இருக்கவில்லை. நிலக்கடலை மூடும்வரை களை பிடுங்கியே கை சலித்தது. வேலை குறைந்த தோட்டம் என்றால் முதல் வருட வேலையும் குறைவு என்று யாரும் நம்பிவிடாதீர்கள். இப்போது மாதம் இருமுறை ஒருவர் வந்து அரை நாள் நின்றால் போதும்.

63 சட்டிகளும் அயலவருக்குப் போயின. ஒரு ரோசாவை மட்டும் அம்மா கொடுக்க மறுத்துவிட்டார். அப்பா நட்டது. அது வாசற்படியில் இருக்கிறது. டெங்கு நுளம்பின் முட்டை காய்ந்த தட்டிலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும் என்பதால், ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் போய் அதன் தட்டைத் தேய்த்துக் கழுவுகிறேன். அம்மா ஜன்னலில் இருந்து மேற்பார்வை செய்கிறார்.