வீட்டு நாயும் முற்றத்து மண்ணும்
(உரையின் எழுத்து வடிவம்)



நாய் என்றதும் நாம் அஞ்சுவது வெறிநோய் ஒன்றுக்கே. அந்த அச்சம் நியாயமானது. கடித்த நாயைக் கண்ணால் காண்கிறோம், ஊசி போட்டுக்கொள்ள விரைகிறோம். ஆனால் கடிக்காத நாயிடமிருந்தும், நாம் அன்புடன் வளர்க்கும் குட்டியிடமிருந்தும், ஓசையின்றி வரக்கூடிய தீங்கு ஒன்று உண்டு. அது நாயின் குடலில் வாழும் புழுக்களால் விளைவது.

இதைப் பற்றிக் காஞ்சிரங்குளத்தில் பேசுவது பொருத்தமானதே. இவ்வூர் அமைந்துள்ள நெய்யாற்றின்கரைப் பகுதிக்குப் புழு ஒழிப்பில் ஒரு வரலாறு உண்டு. 1928-இல் திருவிதாங்கூரில் ராக்பெல்லர் அறக்கட்டளையின் உதவியுடன் கொக்கிப்புழு பற்றிய ஆய்வு தொடங்கியது. பின்னர் 1930-களில் நெய்யாற்றின்கரையில் ஒரு சுகாதாரப் பிரிவு செயல்பட்டது. மனிதக் கொக்கிப்புழுவை எதிர்த்து நடந்த அம்முயற்சிகள் கற்பித்த பாடம் எளியது: மருந்து கொடுத்தால் மட்டும் போதாது, மண் மாசுபடுவதையும் தடுக்க வேண்டும். கழிப்பிடம் இல்லாத ஊரில் குணமடைந்தவன் மீண்டும் அதே மண்ணில்தான் வெறுங்காலுடன் நடக்கிறான்.

அப்பாடத்தை இன்று நாய்களின் பொருட்டு மீண்டும் படிக்க வேண்டியிருக்கிறது. மனிதருக்குக் கழிப்பிடம் கட்டிவிட்டோம். நாய்க்கு முற்றமும் தெருவும் கடற்கரை மணலுமே கழிப்பிடம்.

நாயின் கொக்கிப்புழு நாள்தோறும் ஆயிரக்கணக்கான முட்டைகளை இடுகிறது. ஈரமும் வெப்பமும் உள்ள நிழல்மண்ணில் அவை பொரித்து, ஏறத்தாழ ஒரு வாரத்தில் தோலைத் துளைக்கும் ஆற்றல் பெறுகின்றன. இருபருவ மழை பெறும் இப்பகுதிக்கு அவ்வீரம் புதிதன்று. அப்புழுக்குஞ்சு பாதத்தில் நுழைந்தால், கடும் அரிப்புடன் நெளிந்து செல்லும் சிவந்த கோடு தோன்றும். பெரும்பாலான வகைகள் தோலோடு நின்றுவிடும். ஆனால் 'ஆன்கைலோஸ்டோமா சிலானிகம்' என்னும் வகை மனிதக் குடலிலும் முதிர்ந்து குருதியை உறிஞ்ச வல்லது. தமிழ்நாட்டின் ஜவ்வாது மலையில் நடந்து 2016-இல் வெளிவந்த ஆய்வு, அங்குள்ள நாய்களிடம் இவ்வகை இருப்பதைக் காட்டியது.

நாயின் உருளைப்புழு இதனினும் கவலைக்குரியது. தாய்நாயின் உடலில் உறங்கும் புழுக்குஞ்சுகள் கருப்பையிலேயே குட்டிகளை அடைகின்றன. எனவே பிறந்து சில வாரங்களேயான குட்டியே முட்டைகளை மிகுதியாகப் பரப்புகிறது. மண்ணில் விளையாடிய கையைக் கழுவாமல் வாயில் வைக்கும் குழந்தை அம்முட்டைகளை விழுங்கினால், குஞ்சுகள் கல்லீரலிலும் நுரையீரலிலும் திரியும். சில வேளை கண்ணை அடைந்து பார்வையைக் கெடுக்கும். 1950-இல் அமெரிக்காவில் ஹெலனர் வைல்டர் என்பவர், புற்று என்று ஐயுற்று அகற்றப்பட்ட குழந்தைகளின் கண்கள் பலவற்றில் இத்தகைய புழுக்குஞ்சுகளின் தடயத்தைக் கண்டார். ஒரு பிடி மண்ணுக்குக் குழந்தை கொடுக்கும் விலை ஒரு கண்ணாக இருக்கலாகாது.

ஆயினும் இயற்கை நமக்குச் சிறிது அவகாசம் தந்திருக்கிறது. புதிதாக விழுந்த உருளைப்புழு முட்டை உடனே நோய் தராது. அது பக்குவமடைய இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகும். ஆகவே நாயின் கழிவை அன்றன்றே அகற்றிக் குழியில் புதைப்பவர், மருந்தின்றியே நோய்ச் சங்கிலியை அறுத்துவிடுகிறார். விட்டுவிட்டால், அம்முட்டைகள் ஆண்டுக்கணக்கில் மண்ணில் உயிர்வாழும்.

செய்ய வேண்டியவை சிலவே. குட்டிக்கு இரண்டு வார வயதிலேயே, கால்நடை மருத்துவரின் ஆலோசனைப்படி, குடற்புழு நீக்க மருந்து தொடங்க வேண்டும். தாய்நாய்க்கும் உடன் தர வேண்டும். வளர்ந்த நாய்க்கு மூன்று மாதத்திற்கு ஒருமுறை கொடுப்பது நல்லது. குழந்தைகள் மண்ணில் விளையாடியபின் சோப்பிட்டுக் கைகழுவவும், மழைக்காலத்தில் காலணி அணியவும் பழக வேண்டும்.

அதிகாரிகளுக்கு ஒரு வேண்டுகோள். 2015 முதல் தேசியக் குடற்புழு நீக்க நாளில் 1 முதல் 19 வயது வரையுள்ளோருக்கு அல்பெண்டசோல் வழங்கப்படுகிறது. அது மனிதக் குடற்புழுக்களை எதிர்க்கும் நல்ல திட்டம். முற்றத்து மண்ணைத் தூய்மைப்படுத்த அதனால் இயலாது. குழந்தைக்கு மாத்திரை தரும் சுகாதாரத் துறையும், நாய்க்கு மருந்து தரும் கால்நடைத் துறையும், தெருவைப் பேணும் ஊராட்சியும் ஒரே நாட்காட்டியை வைத்துக்கொண்டு பணியாற்றினால் செலவு அதிகமாகாது, பயன் பன்மடங்காகும்.

நாயை விரட்டுவது தீர்வன்று. அது நம் வாசலைக் காக்கிறது. அதன் குடலையும் நம் முற்றத்தையும் காப்பது நம் கடமை.