கொட்டியாரத்து வாய்க்கால் வழிகள்

மகாவலி கங்கை மலைநாட்டிலே பிறந்து 335 கிலோமீற்றர் தூரம் ஓடி, கடலை அணுகும் வேளையில் இரு கிளையாகப் பிரிகின்றது. ஒரு கிளை வடக்கே சென்று மூதூருக்கும் கிண்ணியாவுக்கும் இடையே கொட்டியாரக் குடாவிற் கலக்கின்றது. மற்றது வெருகலாறு என்னும் பெயர் பூண்டு கிழக்கே திரும்பி, சித்திரவேலாயுதர் கோயிலின் அருகாகக் கடலை அடைகின்றது. இவ்விரு கிளைகளுக்கும் நடுவே கிடக்கும் வண்டல் நிலமே கொட்டியாரப்பற்று. அதன் வயல்களின் மத்தியிலே மட்டக்களப்பு - திருகோணமலை நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்த ஊர் கிளிவெட்டி. மலையுமில்லை, மேடுமில்லை. துவிச்சக்கரவண்டிக்கு இதனினும் இசைந்த நிலத்தை இலங்கையிற் காண்பது அரிது.

துவிச்சக்கரவண்டியில் ஊர் பார்க்கப் புறப்படுவோர் இந்நாளில் முதலில் நினைப்பது பிரான்சு தேசத்தையே. லுவார் நதியின் ஓரமாக ஏறக்குறைய 900 கிலோமீற்றர் நீளத்துக்கு வண்டிப் பாதை ஒன்று செல்கின்றது. பர்கண்டி மாகாணத்திலே, புகையிரதம் ஓடாது கைவிடப்பட்ட தண்டவாளப் பாதையைச் சீர்செய்து, ஜிவ்ரி முதல் குளூனி வரை 1997ஆம் ஆண்டில் வேறொரு பாதை திறந்தார்கள். தெற்கே துலூஸ் நகரிலிருந்து மத்தியதரைக் கடலை நோக்கிச் செல்லும் மிடி கால்வாயின் கரை இன்னொன்று. ரிக்கே என்பவர் வெட்டத் தொடங்கிய அக்கால்வாய், அவர் இறந்த மறு ஆண்டு, 1681இல் திறந்துவைக்கப்பட்டது. கரையிலே குதிரைகள் நடந்து படகுகளைக் கயிறு கொண்டு இழுத்தன. படகிற்கு இயந்திரம் வந்ததும் குதிரைக்கு வேலை ஒழிந்தது. குதிரை விட்டுச் சென்ற வழியிலேதான் இன்று வண்டிகள் உருளுகின்றன.

இதிலே கவனிக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. அப்பாதைகளுள் மிகச் சிறந்தவை துவிச்சக்கரவண்டிக்கென வெட்டப்பட்டவை அல்ல. நீரும் புகையிரதமும் மேடேறமாட்டாதவை. ஆதலின் அவற்றுக்காக அமைத்த வழியும் சமதளமாய், மெல்ல வளைந்து, ஊர்களைத் தொட்டுத் தொட்டுச் செல்லும். சமதளமான வழியே மிதிப்பவனின் முழங்காலுக்கும் இதம். நீருக்காகப் போட்ட கரை எங்கே உண்டோ, அங்கே வண்டிக்கான பாதையும் பாதி உருவாகிவிட்டது எனலாம்.

கொட்டியாரத்திலே அத்தகைய கரைகளுக்குப் பஞ்சமில்லை. அல்லைக் குளமும், அதன் விரிவாக்கத் திட்டத்தின் வாய்க்கால்களும், கிளை வாய்க்கால்களும் வயல்வெளி முழுதும் வலைபோலப் பரந்துள்ளன. வாய்க்காலின் ஒரு புறத்தே அணைக்கட்டு வழி. மண்வெட்டியைக் கரியலில் வைத்துக் கட்டிக்கொண்டு, விடியுமுன் தண்ணீர் பார்க்கச் செல்லும் கமக்காரனுக்கு அதுவே வீதி. பள்ளிக்கூடம் செல்லும் பிள்ளைகளுக்கும் அதுவே குறுக்கு வழி. அவர்களை எவரும் சுற்றுலாப் பிரயாணிகள் என்று அழைப்பதில்லை. ஆனால், பிரெஞ்சுக்காரர் பணம் செலவிட்டுத் தேடும் அமைதியான வழியிலே அவர்கள் நாள்தோறும் போய் வருகின்றனர்.

நெடுஞ்சாலையின் கதை வேறு. திருகோணமலையிலிருந்து தென்திசை வருவோர் ஒரு காலத்தில் துறைக்குத் துறை பாதையேறி நீரைக் கடக்க வேண்டியிருந்தது. மூதூருக்கு வருவோர் குடாவைக் கடக்க இயந்திரப் படகை நாடினர். துறையிலே காத்திருந்து கடக்க வேண்டிய வழியில் கனரக வாகனம் பெருகுமா? 2009ஆம் ஆண்டு ஒக்டோபரில், 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. அதனைத் தொடர்ந்து உப்பாறு, கங்கை, இறால்குழி, வெருகல் ஆகிய இடங்களிலும் பாலங்கள் எழுந்தன. தொடர்ந்து எழுந்த அப்பாலங்களுக்குக் கடனுதவி வழங்கியது பிரெஞ்சு அபிவிருத்தி முகவர் நிறுவனம் என்பது ஒரு வேடிக்கையான பொருத்தம். தன் நாட்டிலே வாகனமற்ற வழியை வளர்த்த தேசம், இங்கே வாகனம் ஓடும் வழியைத் திறந்து கொடுத்தது! அதனைக் குறையென்று கூறுதல் நன்றியன்று. பிரசவ வேதனையுடன் துறையிலே காத்துக் கிடந்த தாய்மாரைக் கேட்டால், பாலத்தின் அருமையைச் சொல்லுவர். ஆயினும் பஸ் வண்டியும், ஆற்று மணல் ஏற்றிய டிப்பரும் விரைந்தோடும் சாலையிலே, விளக்கில்லாத துவிச்சக்கரவண்டியுடன் அந்தியிலே வீடு திரும்புபவன் ஓரத்து மண்ணுக்குத் தள்ளப்பட்டான். அணைக்கட்டு வழியின் மதிப்பு அன்றிலிருந்து உயர்ந்தது.

கிளிவெட்டியிற் புறப்பட்டு மேன்காமம், கங்குவேலி என்று செல்பவன், மகாவலிக் கரையிலே திருக்கரைசையை அடையலாம். அகத்தியர் தாபனம் என்று வழங்கும் பழைய சிவத்தலம் அது. புராணம் பெற்ற தலம். அங்கே ஆற்றோரம் ஓங்கி நிற்கும் மருத மரங்களின் நிழல் பிரயாணிக்குக் கிடைக்கும் பெரும்பேறு. நிழலின் அருமை மிடி கால்வாயாருக்கும் தெரியும். கரையில் நின்ற பிளேன் மரங்களை நோயொன்று பற்றியது 2006இலே கண்டறியப்பட்டது. 42,000 மரங்களைத் தறித்து வேற்று மரம் நடவேண்டிய நிலை அவர்களுக்கு நேர்ந்தது. மருதின் வேரோ நிழலுக்கு மட்டுமன்றிக் கரைக்கும் காவல். அதனை வெட்டினால் அடுத்த மாரியிலே கரையும் கூடவே போய்விடும்.

தெற்கே திரும்பினால், காவந்திஸ்ஸ மன்னனோடு மரபு இணைத்துப் பேசும் சேருவில விகாரை. அதற்கப்பால் வெருகல். வடகிழக்கே முஸ்லிம் மக்கள் வாழும் தோப்பூர். மண்சட்டியில் உறைந்த எருமைத் தயிரை இப்பகுதியிலே உண்ணாது போனவன் பிரயாணம் செய்தவனாகான். கிளிவெட்டிக்கு அயலிலேயே சிங்களக் கமக்காரர் வாழும் தெகிவத்தை. மூன்று சமூகத்தாரின் வயல்களுக்கும் ஒரே ஆற்றின் நீர்தான் பாய்கின்றது. ஒருவன் காலையிலே புறப்பட்டு மதியத்துக்குள் மூவரின் தேநீரையும் அருந்திவிடலாம்.

வேற்று நாட்டான் ஒருவன் இக்கரையில் இறங்கிய பழைய கதையும் உண்டு. 1660ஆம் ஆண்டிலே, புயலிற் பாய்மரம் இழந்த ஆங்கிலக் கப்பலொன்று கொட்டியாரக் குடாவில் நங்கூரமிட்டது. அதில் வந்த றொபேட் நொக்ஸ் என்னும் இளைஞன் கண்டி அரசனின் ஆட்களிடம் சிறைப்பட்டான். 19 ஆண்டுகளுக்கும் மேலாக உள்நாட்டிலே வாழ்ந்து தப்பியோடினான். அவன் எழுதிய நூல் அச்சேறிய ஆண்டும் 1681. மிடி கால்வாய் திறந்த அதே ஆண்டு. நாட்டைக் கால்நடையாய்க் கண்டவன் எழுதிய நூலாதலின், ஏர், களம், குடிசை எல்லாம் அதிலே இடம்பெற்றன. மெல்லச் செல்பவன் காண்பது அதிகம். கதிர்காமத்துக்கு யாழ்ப்பாணத்திலிருந்து நடந்து செல்லும் அடியார் கூட்டமும் கொட்டியாரத்தைக் கடந்து, வெருகலிலே தங்கியே தெற்கு நோக்கிச் செல்கின்றது.

ஆனால் இந்நிலத்தைப் பசுமையும் தயிருமாக மட்டும் கண்டு கடந்து செல்வது நேர்மையாகாது. கிளிவெட்டியை அடுத்த குமாரபுரத்திலே 1996ஆம் ஆண்டு பெப்ரவரி 11ஆந் திகதி, குழந்தைகளும் பெண்களும் உட்பட இருபதுக்கும் மேற்பட்ட கிராமவாசிகள் சுட்டுக் கொல்லப்பட்டனர். குற்றஞ்சாட்டப்பட்ட இராணுவத்தினர் அறுவரும் 2016ஆம் ஆண்டிலே நீதிமன்றத்தால் விடுதலை செய்யப்பட்டனர். இறந்தோரின் உறவினர் அங்கேயே வாழ்கின்றனர். 2006ஆம் ஆண்டுப் போரிலே சம்பூரை விட்டு ஓடிய மக்களிற் பலர், கிளிவெட்டியிலே தகரக் கொட்டில் முகாமில் ஆண்டுக்கணக்காய்க் காத்திருந்தனர். அவர்களது காணிகள் 2015, 2016ஆம் ஆண்டுகளிலேதான் விடுவிக்கப்பட்டன. குமாரபுரத்தை அடையும் பிரயாணி வண்டியை விட்டிறங்கி நடந்து செல்வதே முறை. எவரேனும் பேச விரும்பினால் செவிகொடுக்கலாம். கேள்வி கேட்கத் தேவையில்லை. படம் பிடிக்கவே கூடாது.

இனி, காலமும் கருவியும். ஐப்பசி முதல் தை வரை வாடைக் காற்றும் மழையும். அப்போது களிமண் சக்கரத்துக்கும் மட்காட்டுக்கும் இடையே அப்பி, வண்டியைத் தோளிற் சுமக்கவைக்கும். மேல்நாட்டிலே நீர் பெருகினால், மழை விட்ட பின்னும் இங்கே கரை மூழ்கும். 2025 நவம்பர் இறுதியிலே வந்த டித்வா புயலின் வெள்ளம் இக்கீழ்மகாவலி ஊர்களைப் பெரிதும் வருத்தியது. வைகாசி முதல் ஆவணி வரை கச்சான் காற்று அனல் வீசும். தென்மேற்கு நோக்கி மிதிப்பவனை அது நிறுத்தியே விடும். ஆகவே மாசியும் பங்குனியுமே தக்க காலம். பெரும்போக அறுவடையும் அப்போதுதான். பல கியர் கொண்ட மேல்நாட்டு வண்டி இங்கே வீண் ஆடம்பரம். உள்ளூர் லுமாலா வண்டியே போதும். நெருஞ்சி முள்ளுக்கு மட்டும் அஞ்ச வேண்டும்; ஒட்டுப் போடும் சாமானும் காற்றுப் பம்பும் இல்லாது புறப்படுதல் அறிவீனம். மாலை ஐந்து மணிக்கு மேல் காட்டோரக் கரைகளிலே செல்லலாகாது. அந்நேரம் யானைக்குரியது. காவற்பரணில் இருப்பவன் திரும்பு என்றால், வாதாடாது திரும்ப வேண்டும்.

எஞ்சுவது ஒரு சிக்கல். அணைக்கட்டு வழியைக் கொங்கிறீற்று இட்டுச் செப்பனிட்டால் பிள்ளைகளுக்கும் பிரயாணிகளுக்கும் நலம். செப்பனிட்ட மறுநாளே மணல் டிப்பர் அதிலே புகுந்தால், கரையும் போய்ப் பிள்ளைகளின் பாதுகாப்பும் போய்விடும். பிரான்சிலே 2004ஆம் ஆண்டு முதல் இத்தகைய வழிகள் மோட்டார் வாகனமல்லாதவற்றுக்கே உரியவையெனச் சட்டத்தில் வரையறுக்கப்பட்டுள்ளன. வழியின் வாயிலிலே கம்பம் நட்டுவிடுகின்றனர். துவிச்சக்கரவண்டி நுழையும், கார் நுழையாது. அதனை அப்படியே இங்கே கொணர இயலாது. மிடி கால்வாயின் கரை ஓய்வு பெற்ற கரை. கொட்டியாரத்தின் கரையோ இன்றும் உழைக்கும் கரை. உழவு இயந்திரம் வயலுக்குச் செல்லவேண்டும், நெல் மூட்டை வெளியே வரவேண்டும். ஆதலின் நிலையான கம்பம் ஆகாது. பூட்டித் திறக்கும் கம்பமே ஏற்றது. அதன் திறவுகோல் கொழும்பிலோ திருகோணமலைக் கந்தோரிலோ இருந்தால், அறுவடை நாளிலே எவரேனும் கம்பத்தைப் பிடுங்கி எறிந்துவிடுவர். எந்த வயலுக்கு எப்போது நீர் விடுவது என்று அறிந்து துருசைத் திறந்து மூடுவிக்கும் வட்டவிதானையின் கையிலே அத்திறவுகோலும் இருக்கட்டும். உழவு இயந்திரத்தையும் டிப்பரையும் வேறுபிரித்தறிய அவருக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.