பணத்தின் விலாசம்

வெளியூரில் படிக்கும் மகனுக்குப் பணம் அனுப்பும் தாயார் வங்கிப் படிவத்தில் எழுதும் ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடு, தபால் உறைமேல் நாம் எழுதும் விலாசத்துக்கு ஒப்பானது. அதன் 11 குறிகளில் முதல் 4 எழுத்துக்கள் வங்கியையும் கடைசி 6 குறிகள் கிளையையும் உணர்த்த, இடையே ஒரு பூஜ்யம் பிற்கால உபயோகத்தை உத்தேசித்துக் காத்திருக்கிறது. நெஃப்ட் என்னும் மின்னணுப் பணப்பரிமாற்ற முறையில், ரிசர்வ் வங்கி அரைமணிக்கொரு தடவை வங்கிகளின் கொடுக்கல் வாங்கலைக் கூட்டிக் கழித்து நேர்செய்கிறது. 2019 டிசம்பர் முதல் இரவிலும், விடுமுறையிலும்கூட.

ஆனால், விலாசம் கிளையோடு நின்றுவிடும். வீட்டைக் காட்டுவது கணக்கு எண்ணே. பெயரைப் பிழையின்றி எழுதியும் எண்ணில் ஓர் இலக்கம் பிசகினால், அரும்பாடுபட்டுச் சேர்த்த பணம் அந்நியர் கணக்கில் சேர்ந்துவிடக்கூடும். வரவு வைப்பது எண்ணைப் பார்த்துத்தான், பெயரைப் பார்த்தன்று. படிவத்தை நீட்டுமுன் அந்த எண்ணை ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.