அரிக்காத தேமல்

(மாட்டுங்காவில் நடந்த உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நான் டாக்டர் அல்ல. பி.எஸ்ஸி. படித்துவிட்டு அரசு உத்தியோகத்தில் காலம் கழித்தவன். ஆகவே என் பேச்சைக் கேட்டு யாரும் சுயவைத்தியம் செய்துகொள்ள வேண்டாம். டாக்டரிடம் எப்போது போக வேண்டும், போனால் என்ன கேட்க வேண்டும் என்பதற்கு மட்டும் இது உதவினால் போதும்.

தோலில் ஏதாவது வந்தால் நாம் எப்போது டாக்டரிடம் போகிறோம்? அரித்தால், எரிந்தால், சீழ் வைத்தால். வெளிறிய அல்லது லேசாகச் சிவந்த ஒரு திட்டு, அரிப்பும் இல்லை, வலியும் இல்லை என்றால், "தேமல்தான், தானே போய்விடும்" என்று விட்டுவிடுகிறோம். தொழுநோய் பெரும்பாலும் இந்த வேஷத்தில்தான் வருகிறது.

பெயரைக் கேட்டதும் சிலர் முகம் மாறுவது தெரிகிறது. "அதெல்லாம் தாராவி சமாசாரம், நமக்கேது?" என்று தோன்றலாம். நாம் உட்கார்ந்திருக்கும் இதே மாட்டுங்காவின் பெயரில்தான் 1890ல் ஆதரவற்ற தொழுநோயாளிகளுக்கான இல்லம் தொடங்கப்பட்டது. அன்றைய நகராட்சிக் கமிஷனர் அக்வர்த் துரையின் முயற்சி அது. இன்று வடாலாவில் உள்ள அக்வர்த் மருத்துவமனை அதன் தொடர்ச்சிதான். காந்திஜி சேவாகிராமத்தில் தம் கையாலேயே பணிவிடை செய்தாரே, அந்தப் பர்ச்சுரே சாஸ்திரி பெரிய சம்ஸ்கிருத பண்டிதர். கிருமி கோத்திரம் கேட்டு வருவதில்லை. தாராவிக்கு அதிர்ஷ்டம், டாக்டர் ஆர். கணபதி 1976ல் பாம்பே லெப்ரஸி ப்ராஜெக்டைத் தொடங்கினார். அதன் ஊழியர்கள் அங்கே வீடு வீடாகப் போய்த் திட்டுகளைத் தேடிக் கண்டுபிடித்தார்கள். நம் பில்டிங்குகளில் யார் வந்து தேடுவார்கள்?

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஹான்ஸென் 1873ல் கண்டுபிடித்த இந்தக் கிருமி மிக மெதுவாகப் பெருகுவது. உள்ளே புகுந்து அறிகுறி காட்டச் சராசரியாக ஐந்து வருஷம், சிலருக்கு இருபது வருஷம்கூட ஆகும். உடம்பில் குளிர்ச்சியான இடங்களும் நரம்புகளும் அதற்குப் பிடித்தமானவை. நரம்பு கெடுவதால் அந்தத் திட்டில் உணர்ச்சி குறைகிறது, வேர்ப்பதில்லை, ரோமமும் உதிர்கிறது. அரிக்காததற்குக் காரணம் இதுதான்.

பரிசோதனைக்குப் பெரிய மெஷின் எதுவும் வேண்டாம். டாக்டர் ஒரு பஞ்சுத் திரியால் முதலில் நல்ல தோலைத் தொட்டுக் காட்டுவார். பிறகு நம்மைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, அங்கங்கே தொட்டு, தொட்ட இடத்தை விரலால் காட்டச் சொல்வார். திட்டில் தொட்டது மட்டும் தெரியவில்லை என்றால் விஷயம் ஏறக்குறைய முடிந்தது. முழங்கைக்குப் பின்னால், இடித்துக்கொண்டால் 'ஷாக்' அடிக்குமே, அந்த நரம்பு தடித்திருக்கிறதா என்றும் தடவிப் பார்ப்பார். சந்தேகம் இருந்தால் காது மடலில் சிறிது கீறி எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். இன்னொரு வகையில் திட்டுகள் ஏராளமாக இருக்கும், உணர்ச்சியும் மழுங்கியிருக்காது. காது மடல் தடித்து, புருவம் உதிர்ந்து, முகம் பளபளக்கும். "சதை போட்டு நன்றாக இருக்கிறாரே" என்று நாம் சந்தோஷப்படுவோம்!

செம்பூரில் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம். பையனுக்கு முன்கையில் ஒரு திட்டு. ஒன்றரை வருஷம் விதவிதமான ஆயின்ட்மென்ட். பார்த்த இரண்டு டாக்டர்களில் ஒருவர்கூடப் பஞ்சை எடுக்கவில்லை. சுண்டுவிரல் மடங்க ஆரம்பித்த பிறகுதான் மூன்றாமவர் முழங்கையைத் தொட்டுப் பார்த்தார். மருந்தில் நோய் போய்விட்டது. விரல் முழுக்க நிமிரவில்லை. அந்த டாக்டர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்ற இலக்கை நாடு 2005 டிசம்பரில் எட்டியது. "ஒழிந்துவிட்டது" என்று ஜனங்கள் அதற்கு அர்த்தம் பண்ணிக்கொண்டார்கள். இன்றும் இந்தியாவில் வருஷத்துக்குச் சுமார் ஒரு லட்சம் புது நோயாளிகள். உலகக் கணக்கில் பாதிக்கு மேல்.

மருந்தோ ரொம்ப சுலபம். 1981ல் உலக சுகாதார நிறுவனம் சிபாரிசு செய்த கூட்டு மருந்து. ரிபாம்பிசின், டாப்ஸோன், குளோபஸிமைன். ஐந்து திட்டு வரை ஆறு மாதம், அதற்கு மேல் பன்னிரண்டு மாதம். அரசு மருத்துவமனைகளில் இலவசம். மருந்து ஆரம்பித்த சில நாட்களிலேயே மற்றவர்களுக்குத் தொற்றாது. வீட்டை விட்டு ஒதுக்கவோ, வேலைக்கு வரும் அம்மாளை நிறுத்தவோ அவசியமே இல்லை. இதைவிட மெதுவாக நடந்தது சட்டம்தான். 1955ம் வருஷத்து ஹிந்து திருமணச் சட்டத்தில் தொழுநோய் விவாகரத்துக்கு ஒரு காரணமாக இருந்தது. அதை எடுக்க 2019 ஆயிற்று. சர்க்காரில் இருந்தவன் என்ற முறையில் எனக்கு ஆச்சரியமில்லை.

கூட்டத்துக்கு முன்பே ஒரு மாமி சீட்டு எழுதிக் கொடுத்தார்: "பெண்ணுக்கு வெண்குஷ்டம். இதுவும் அதுவும் ஒன்றா?" இல்லவே இல்லை, மாமி. அந்தப் பெயரே தப்பு. வெண்புள்ளி என்று சொல்லுங்கள். அதில் கிருமியே கிடையாது. தோலின் நிறத்தை உண்டாக்கும் அணுக்கள் அழிவதால் வருவது. திட்டு பால் போல் வெள்ளையாக இருக்கும், தொட்டால் நன்றாகத் தெரியும், யாருக்கும் ஒட்டாது. தொழுநோய்த் திட்டு அப்படிப் பால் வெள்ளையாக ஆவதில்லை. ஜாதகம் பார்க்க வருகிறவர்களிடம் இதைத் தைரியமாகச் சொல்லலாம். அவர்கள் நம்பாவிட்டால் சரும நோய் நிபுணரிடம் அவர்களையும் அழைத்துக்கொண்டு போங்கள். நான் வேண்டுமானாலும் கூட வருகிறேன்.